ஜூலை பதினான்கில் நாற்காலி சுமந்தவர்

தவளக்குப்பம்
7 ஜனவரி 2025

லினெட் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தனக்கொடி. தவளக்குப்பத்தில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நீங்கள் எடுத்த படம் ஒன்று வந்திருந்தது. போன வருடம் முழுக்க நாளுக்கு ஒரு படம் எடுத்தீர்கள், இப்போது கண்காட்சி வைத்திருக்கிறீர்கள் என்று போட்டிருந்தது. அந்தக் கூடத்தின் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

படத்தில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு மிலிட்டரியில் இருந்த பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய நாள் விழா என்று கீழே எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால், வலது ஓரத்தில், ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போகிறார். முகம் பாதிதான் தெரிகிறது.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அது எந்த வருடத்து ஜூலை? அந்த விழா வருடா வருடம் நடக்கிறது. ஏதாவது பழைய படத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஆள் என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார். அவர் போன வருடம் மாசி மாதம் இறந்துவிட்டார்.

பதில் எழுதினால் கீழே உள்ள கடை விலாசத்துக்கு எழுதுங்கள். போன் வேண்டாம். வீட்டில் ஒரே போன், அது என் மகள் கையில் இருக்கும். பக்கத்து வீடு என் கொழுந்தனாருடையது, நடுவில் ஒற்றைச் சுவர். பேசினால் கேட்கும்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

தனக்கொடி

*

உப்பளம்
16 ஜனவரி 2025

தனக்கொடி அக்காவுக்கு,

வயது தெரியாமல் அக்கா என்று எழுதிவிட்டேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதம் பொங்கல் விடுமுறை முடிந்துதான் எனக்குக் கிடைத்தது. பதிலை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தப் படம் 2024 ஜூலையில் எடுத்ததுதான். அதில் எனக்குக் குழப்பமே கிடையாது. என் அப்பாவும் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். ஒவ்வொரு ஜூலை பதினான்கிலும் அந்த வரிசையில் நிற்பார். 2023 கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறந்தார். அவர் இல்லாத வரிசையை நான் பார்த்த முதல் விழா அது. அதனால் வருடம் தவறாது.

நான் தொழிலில் போட்டோகிராபர் இல்லை அக்கா. ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அப்பா போன பிறகு தேடிப் பார்த்தால், அவருடைய கடைசிப் படம் என்று என்னிடம் இருந்தது நானே எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. முகமே இல்லாத படம். அந்த ஆத்திரத்தில்தான் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஊரை எடுக்க ஆரம்பித்தேன். வருடம் முடிந்தது. இப்போது அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். புது லென்ஸ், பெங்களூரில் ஒரு கண்காட்சி, இன்னும் நல்ல வெளிச்சத்தில் கடல். காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதையெல்லாம் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஒரே சாயலில் பலர் இருப்பார்கள். பின்னால் நிற்கிறவர் முகம் தெளிவாகவும் இல்லை. அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு மனம் ஆறினால் நல்லது.

லினெட்

*

தவளக்குப்பம்
22 ஜனவரி

லினெட்டுக்கு,

எனக்கு நாற்பத்தாறு வயது. அக்கா என்றே எழுதுங்கள்.

அது அவர்தான்.

எவ்வளவு கனம் இருந்தாலும் இடது தோளில்தான் ஏற்றுவார், கழுத்தை வலது பக்கம் சாய்ப்பார். அந்தச் சாய்ப்பை நான் இருபத்து மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டை நான் வாங்கிக் கொடுத்தது இல்லை. கட்டம் போட்ட சட்டை அவர் போடவே மாட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர் பெயர் பலராமன். நிலம் மனைக்கட்டாகப் போன பிறகு ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். போன வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் வேலைக்குப் போனவர் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முதல் நாள் மொச்சைக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். மாசி மகம் முடிந்து சில நாளில் கடலோரத்தில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். என் கொழுந்தன் முருகையன்தான் உள்ளே போனார். என்னை விடவில்லை. "மூஞ்சின்னு ஒண்ணும் இல்ல அண்ணி, நீங்க பாக்காதீங்க. அதே லுங்கி, அதே ஒசரம். அண்ணன்தான்" என்றார். துணியில் சுற்றி வந்தது. அப்படியே கொண்டுபோய் எரித்தோம். ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தோம். பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்றினார்கள்.

மாலை போட்ட படத்துக்குத் தினமும் விளக்கு வைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படம் வந்ததில் இருந்து, யாருக்கு வைக்கிறேன் என்று தெரியாமல் வைக்கிறேன்.

என் மகள் துர்காவுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டு அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

நாளுக்கு ஒன்று எடுத்ததாகச் சொன்னீர்களே. மற்ற படங்களில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தனக்கொடி

*

உப்பளம்
10 பிப்ரவரி

தனக்கொடி அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தது கொஞ்சம்தான், எடுத்தது அதைப்போலப் பல மடங்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் உட்கார்ந்து ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை ஒவ்வொன்றையும் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்தேன்.

ஒரு வருடம் வேலை செய்தவர்கள் கடைசியில் திரும்பிப் பார்த்து, எது நன்றாக வந்தது, எங்கே தவறினோம் என்று கணக்குப் போடுவார்கள். நானும் டிசம்பரில் அதைச் செய்தேன். அப்போது நடுவில் இருப்பதை மட்டும்தான் பார்த்தேன். இப்போது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனபோது அது வேறு ஊராக இருந்தது. இத்தனை பேர் என் படத்துக்குள் வந்திருக்கிறார்கள், நான் ஒருவரையும் கவனிக்கவில்லை.

இன்னும் மூன்று படங்களில் அவர் இருக்கிறார்.

ஒன்று, ஜென்மராக்கினி மாதா கோயில் டிசம்பர் திருவிழா. தேருக்குப் பின்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதே சாய்ந்த கழுத்து. இன்னொன்று, நவம்பர் புயல் அடித்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றபோது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்க வைத்திருந்தார்கள். நான் ஒரு குழந்தையை எடுத்தேன். குழந்தைக்குப் பின்னால் ஒரு கிழவியை நாற்காலியில் உட்கார வைக்கிறார். தண்ணீர் அவர் கணுக்கால் வரை இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. செப்டம்பரில், எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ஒரு சாவு வீடு. எல்லாரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள். மழை. சாமியானாவுக்குக் கீழே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள். நான் வருடம் முழுக்க எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று அப்போதே தெரியும். ஆனாலும் கண்காட்சியில் வைக்கவில்லை, ஏன் என்று எனக்கே புரியவில்லை. இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அக்கா. நான் அவரைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நாற்காலி அடுக்கியிருக்கிற இடத்தைப் பார்த்தாலே நின்றுவிடுகிறேன்.

நாற்காலிகளின் முதுகில் கடைப் பெயர் எழுதியிருக்கிறது. ராஜ்கமல் வாடகைச் சாமான் கடை. அது உப்பளத்தில்தான் இருக்கிறது, என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். நான் போகட்டுமா? இல்லை, முதலில் நீங்கள் யோசிக்கிறீர்களா? உங்களைக் கேட்காமல் போக மாட்டேன்.

மூன்று படங்களும் இதோடு இருக்கின்றன.

லினெட்

*

தவளக்குப்பம்
14 பிப்ரவரி

லினெட்டுக்கு,

போக வேண்டாம்.

அந்தப் புயலில் எங்கள் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். அரிசியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு நானும் துர்காவும் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் இருந்திருந்தால் என்று சொல்லி அவள் அழுதாள். அவர் உங்கள் ஊரில் யார் வீட்டுக் கிழவிக்கோ நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாரா? இருக்கட்டும். செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும்.

17ஆம் தேதி

கடிதத்தைப் போடாமல் வைத்திருந்தேன். மூன்று நாளாகத் தையல் ஓடவில்லை. ஒரு யூனிபார்முக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. உடலோடு ஒரு சின்னப் பையில் இடுப்புக் கயிற்றை வெட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு மாதா மெடல் கோத்திருந்தது. காணாமல் போன நேரத்தில் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பார், அங்கே வாங்கிக் கட்டியிருப்பார் என்று முருகையன் சொன்னார். நானும் நம்பினேன். நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

இவர் உங்கள் ஊரில் நாற்காலி தூக்குகிறார் என்றால், நாங்கள் எரித்தது யாரை?

போங்கள். நானே வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்.

தனக்கொடி

*

உப்பளம்
27 பிப்ரவரி

தனக்கொடி அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு ஒன்றையும் மெருகேற்றத் தெரியவில்லை.

கடைக்குள் போனேன். முதலாளி ராஜ்கமல், "மணியா? பின்னால சேர் கழுவிக்கினு இருக்கான், போய்ப் பாருங்க" என்றார். அங்கே அவருக்குப் பெயர் மணி. கொல்லைப்பக்கம் ஹோஸ் பைப்பால் நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "பலராமன் அண்ணா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கையில் இருந்ததைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்து, தண்ணீரை நிறுத்தினார்.

"யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. உங்க படம் எங்கிட்ட இருக்கு."

"எந்தப் படம்? பேனர்ல போட்டாங்களே, அதுவா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார்.

"நாலு நாள் எங்கனா போயிட்டு வரலாம்னுதான் போனேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. வேலைக்குப் போற பஸ்சு வந்துச்சு, ஏறல. அதுக்கப்பறம் வந்த பஸ்ல ஏறிட்டேன். சிதம்பரத்துல ஒரு ஓட்டல்ல எலை எடுக்குற வேலை. நாலு நாளு ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் போதும்னு தோணுச்சு, கெளம்பி வந்துட்டேன். தவளக்குப்பத்துல எறங்குறேன், எதுத்தாப்புல என் மூஞ்சி. துர்கா பத்தாவது பாஸ் பண்ணப்ப ஸ்டூடியோவுல எடுத்த படம். கண்ணீர் அஞ்சலி. சுத்தியும் பூவு. கீழ எல்லார் பேரும் போட்டு, அன்னிக்கித்தான் காரியம்னு போட்டிருந்துச்சு."

"வீட்டுக்குப் போய் உயிரோட இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"போனேம்மா. துண்டால தலைய மூடிக்கினு தெரு முனை வரிக்கும் போனேன். சாமியானா போட்டு சேர் போட்டிருந்தாங்க. அவ அழுவுற சத்தம் கேட்டுச்சு. என்னைச் சொல்லிச் சொல்லி அழுவுறா. நான் இருந்தப்ப ஒரு நாளும் அவ அப்படிச் சொன்னதில்ல. கேட்டுக்கினே நின்னேன். அவ யாருக்கு அழுவுறாளோ அந்த ஆளு ரொம்ப நல்லவன். நான் உள்ள போயிருந்தா அவன் செத்துப்போயிருப்பான்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஈர நாற்காலி ஒன்றைத் துடைத்து எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை.

எரித்தது யாரை என்று கேட்டேன். "அதைத்தான் நானும் நெனச்சுக்குவேன். சாவு வீட்டுக்கு சேர் போடப் போறப்பல்லாம் நெனப்பேன்" என்றார். அவருக்குத் தெரியாது. மாதா மெடலைப் பற்றிச் சொன்னதும், குந்தியிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது, "அவகிட்ட சொல்லாதீங்கம்மா" என்றார். சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். "அப்ப, நான் அன்னிக்கி அழுவுறதக் கேட்டத மட்டுமாவது சொல்லாதீங்க" என்றார். அதையும் சொல்லிவிட்டேன் அக்கா. எதை மறைத்து எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமரா பையில்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

லினெட்

*

தவளக்குப்பம்
2 ஏப்ரல்

தங்கச்சி லினெட்டுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. கோபமா என்று நினைத்திருப்பாய். கோபம்தான். உன் மேல் இல்லை.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து, கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவர் கடையில் இல்லை. ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமியானா கட்டுகிறார் என்றார்கள். போனேன். ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை விட்டால் மொத்தப் பந்தலும் விழும். அதனால் ஓட முடியவில்லை. அப்படியே நின்றார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, அவரை அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். கிட்டப் போனதும் கை வரவில்லை. இளைத்திருந்தார். காது ஓரம் முழுக்க நரைத்திருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று பேசினேன்.

"உன்னை வீட்டுக்குக் கூப்புட நான் வரல. ஸ்டேஷனுக்கு வா."

"எதுக்கு?"

"நீ உயிரோட இருக்கறன்னு எழுதிக் குடுத்தாத்தான், நாங்க எரிச்சமே, அவன் செத்துட்டான்னு ஆவும். யாரோ ஒரு மகராசி அவனுக்குச் சோத்த மூடி வச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு இருக்கா. உனக்கு அது எப்பிடி இருக்கும்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

அவர் கயிற்றை முளையில் கட்டி முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சும் போட்டார். பிறகு என் பின்னால் வந்தார். பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். ஸ்டேஷனில் இருந்தவர் பழைய பைலையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் வெளையாடுறீங்களா?" என்றார். பிறகு பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் வரை எழுதினார்கள்.

முருகையன் விஷயத்தைக் கேள்விப்பட்டதும், "அண்ணி, நான் வேணும்னு சொல்லல, அதே லுங்கி அண்ணி" என்று தரையில் உட்கார்ந்து அழுதார். துர்கா அவள் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் அச்சாகி வந்திருந்த பத்திரிகைக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அமரர் என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்தாள். கை வலிக்க வலிக்க அடித்தாள். நான் தடுக்கவில்லை.

அவர் உப்பளத்தில்தான் இருக்கிறார். மறுபடி தாலி கட்டிக்கொள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். யோசிக்கிறேன். எப்போதாவது அவர் இங்கே வந்தால், ஊரில் சில பேர் அவரைப் பார்த்து எதிரே வராமல் ஒதுங்குகிறார்கள். அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் பயப்படுகிறார்கள். மாலை போட்ட படத்தைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது, விளக்கு வைக்கும் நேரம் வந்தால் கால் தானாக அங்கே போகிறது.

மெடலை ஸ்டேஷனில் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் காட்ட வேண்டும். சனிக்கிழமை கொண்டு வருகிறேன். அதை நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடு.

தனக்கொடி அக்கா

*

உப்பளம்
6 மே

தனக்கொடி அக்காவுக்கு,

நீங்கள் வந்துபோனதில் இருந்து நடந்ததைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்குள் காகிதத்தில் பேசித்தான் பழக்கமாகிவிட்டது. இதை உங்கள் குரல் கேட்காமல் சொல்வது எனக்கும் எளிது.

மெடலின் இரண்டு பக்கமும் எடுத்தேன். மேல் வளையம் எப்போதோ உடைந்து, யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி ஒட்டவைத்திருந்தது பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் பேசினேன். சுற்று வட்டாரக் கோயில்களில் பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசித்தார்கள். காணாமல் போன ஆண், மாதா மெடல், 2024 தொடக்கம். கம்பி சுற்றியிருந்ததை மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள்.

அரியாங்குப்பத்தில் இருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் வெரோனிகா. அவருடைய அண்ணன் சவரிராயன். கல்யாணம் ஆகாதவர், மனம் அவ்வப்போது சரியிருக்காது, நடந்துகொண்டே இருப்பார், எங்கே போனாலும் திரும்பிவிடுவார். அந்த மாசியில் திரும்பவில்லை. நான் படத்தைக் காட்டும் முன்பே, "வளையத்துல கம்பி சுத்தியிருக்கும்மா. நான்தான் சுத்துனேன்" என்றார். மற்றதையும் ஒத்துப் பார்த்து, அவர்தான் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

வெரோனிகா அழவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அழைத்து வரலாமா?

காலண்டரில் இந்த வருடத்துக்கு எழுதி வைத்திருந்ததை எல்லாம் அடித்துவிட்டேன் அக்கா. லென்ஸ் வேண்டாம், பெங்களூரும் இப்போதைக்கு வேண்டாம். நாளுக்கு ஒரு படம் என்பதையும் விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒன்று வந்தால் போதும். படத்துக்குள் யார் வந்தாலும், ஓரத்தில் நின்றாலும், அவரிடம் போய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். மார்க்கெட்டில் செல்வாம்பாள் என்று ஒரு மீன்காரம்மா, "பேரு இன்னாத்துக்கு, போலீசா நீ?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் தன் கதையைச் சொன்னார். அன்று படமே எடுக்கவில்லை. அதுவும் சரிதான் என்று தோன்றியது.

சவரிராயனை நான் ஒரு தடவையாவது பார்த்திருப்பேனா என்று நினைத்துக்கொள்கிறேன். ஜனவரி, பிப்ரவரிப் படங்களைத் திரும்பத் திறக்க இன்னும் தைரியம் வரவில்லை.

லினெட்

*

தவளக்குப்பம்
19 மே

தங்கச்சி லினெட்டுக்கு,

நீ வெரோனிகாவை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று போய்விட்டாய். நல்லதுதான் செய்தாய். ஆனால் உள்ளே என்ன பேசினோம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அவள் வந்து உட்கார்ந்ததும் சுவரில் இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். நான் காபி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன எப்பிடி அனுப்புனீங்க அக்கா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜா மாலையும் சாமந்தி மாலையும் போட்டோம், புது வேட்டி போர்த்தினோம், தெருவே கூட வந்தது, மேளம் அடித்தார்கள், முருகையன் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தார், சாம்பலைக் கடலில் கரைத்தோம் என்று சொன்னேன். பிறகு என்னால் முடியவில்லை. "ஒரு சிலுவை வைக்கல, ஒரு ஜெபம் சொல்லல, திருநீறு பூசி அனுப்பிட்டோம். எங்கள மன்னிச்சிரும்மா" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"எங்களுக்கும் திருநீற்றுப் புதன்னு ஒண்ணு இருக்குதுக்கா, நெத்தியில சாம்பல் பூசுவாங்க" என்றாள். கையை விடவில்லை.

பிறகு, "யாரு அழுதா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நல்லா அழுதீங்களா?"

"கொரலு போயிடுச்சும்மா. அப்பறம் ரெண்டு நாளு பேச்சே வரல."

"இன்னா சொல்லி அழுதீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது, லினெட். அன்று சொன்னதெல்லாம் முழு உண்மை இல்லை. செத்தவரைப் பற்றி அழும்போது வாய் தானாக நல்லதாகக் கட்டிக்கொள்ளும். அவரிடம் நான் எதிர்பார்த்து இல்லாமல் போனதை எல்லாம் இருந்ததாகச் சொல்லி அழுதேன். ஆனாலும் அவள் கேட்டாள். சொன்னேன்.

"பசின்னு வந்தவனுக்கு உன் எலையத் தள்ளி வச்சவனே. பொட்டப்புள்ளைய ஒரு சொல்லு அதட்டாதவனே. மழையில நனைஞ்சு வந்தாலும் நாய்க்குட்டியச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தவனே. எங்க போனாலும் எனக்குன்னு ஒரு பண்டத்த மடியில கட்டியாந்தவனே."

வெரோனிகாவின் முகம் அப்போதுதான் மாறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் வராத அழுகை வந்தது.

"எங்கண்ணன் அப்பிடித்தாங்கா இருந்தான். அப்பிடியேதான் இருந்தான்" என்றாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லுங்கக்கா" என்றாள்.

சொன்னேன்.

தனக்கொடி அக்கா